நான் என்று சொல்லாத ராக்காயி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. ஆசிரிய மாணவர்களுக்கான உளவியல் பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழாக்கும் வேலை வந்திருந்தது. அதற்குத்தான் உட்கார்ந்தேன். எட்டாம் பக்கத்தில் ஈகோ என்ற சொல் வந்தது. மூன்று நாளாக எட்டாம் பக்கத்திலேயே கிடந்தேன்.

அகந்தை என்று எழுதினேன். அடித்தேன். ஆணவம் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். கொட்டகலையில் எங்களோடு சீட்டாடுகிற கிளாக்கர்மார் "அவனுக்கு ஈகோ" என்றால், அவனுக்குத் திமிர், மண்டைக்கனம் என்று அர்த்தம். பாடக்குறிப்பு சொல்வது வேறு. ஒருவருடைய ஆசைக்கும் பயத்துக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, எதை உள்ளே விடலாம், எதை வெளியே சொல்லலாம் என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிற ஒன்றாம் அது. அது இருக்கிறவரைக்கும்தான் மனிதர் தன் பெயரைக் கூப்பிட்டால் பதில் சொல்வார். ஆளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அது பொய்கூடச் சொல்லும். அதுவும் அதன் வேலைதான் என்கிறது குறிப்பு.

இதை நான் சத்தமாக வாசித்தபோது என் மனைவி இசபெல் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்ப ராக்காயி அக்காவுக்குப் போனது அதுதாங்க," என்றாள்.

எங்களுக்குக் கலியாணமாகி ஆறு வருஷம். அந்தப் பெயரை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

2

முதல் தொடக்கம்: "பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் மேல் மூடுபனி ஒரு வெள்ளைச் சேலையைப் போல" (விட்டுவிட்டேன். அந்தச் சேலையைத் துவைத்து உலர்த்துகிறவர்களுக்கு மூடுபனி அப்படித் தெரியாது.)

இரண்டாம் தொடக்கம்: "ராக்காயி திமிர் பிடித்தவள்." இதை இசபெல் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டு, யார் சொன்னது என்று கேட்டாள். தோட்டத்தில் எல்லோரும் சொன்னதாக நீதானே சொன்னாய் என்றேன். "எல்லாரும் சொன்னாங்கன்னு எழுதுங்க. நீங்க சொல்லாதீங்க," என்றாள்.

சரி. எனக்குத் தெரிந்த ஆளிடமிருந்தே தொடங்குகிறேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து நாலில் இசபெலுக்கு இருபத்துமூன்று வயது. பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். அதே தோட்டத்தில் வேலை செய்து செத்தவர் அவளுடைய அப்பா செபமாலை. நாற்பத்தெட்டில் வந்த சட்டம் தோட்டத்துச் சனத்தை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கிவிட்டிருந்தது. அடுத்த வருஷச் சட்டம், விரும்பினால் மனுப் போட்டு, இத்தனை வருஷம் தொடர்ந்து இங்கேதான் இருந்தேன் என்று காட்டு, பார்க்கலாம் என்றது. மனுக்களை நிரப்பிக் கொடுத்தவள் இசபெல். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பெஞ்சில் வரிசையாக உட்காருவார்கள். பெயர், தகப்பன் பெயர், வந்த வருஷம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவாள். அவள் ஒரு பூச்சியம் மாற்றிப் போட்டாலும் ஒரு குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறும். அந்தப் பயத்தில் எழுதி முடித்ததும் கையை மடியில் வைத்து அழுத்திக்கொள்வாளாம்.

ராக்காயிக்கு அப்போது முப்பத்தாறு. கொழுந்தெடுக்கிற பெண். புருஷன் இல்லை. பூரணி என்று பதினாலு வயதில் ஒரு மகள். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் பிரிக்கும்போது எல்லாப் பெண்களும் "சரிங்க" என்பார்கள். அவள் மட்டும், "நான் அந்த மலைக்குப் போகமாட்டேங்க, அங்க பாற வழுக்குது" என்பாள். கணக்கப்பிள்ளை செல்லசாமிக்கு அந்த 'நான்' காதில் விழுந்தாலே முகம் கறுத்துவிடும். "நான் நான்னு சொல்றவள ஒருநாள் நாக்க அறுத்துப் போடணும்" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்வார்.

இசபெலுக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் அவளோடு நின்று பேசினால் தனக்கும் கெட்ட பெயர் வருமோ என்று பயமும் இருந்தது. இதை இசபெல்தான் எழுதச் சொன்னாள்.

3

ராக்காயியின் மனுவுக்கு விசாரணை ஹட்டனில். துணைக்கு வரும்படி ராக்காயி கேட்டதால் இசபெலும் போனாள். கூடத்தில் உட்கார ஒரு நீள வாங்கு, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் விசாரிக்கிற ஐயா, பக்கத்தில் யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர். தோட்டத்திலிருந்து வந்த செக்ரோல் புத்தகங்கள் மேசைமேல் இருந்தன. யார் எந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்று கணக்கப்பிள்ளை பதிகிற புத்தகம் அது. அந்தச் சனத்துக்கு இந்த நாட்டில் தாங்கள் இருந்ததற்குச் சாட்சி அது ஒன்றுதான்.

ஐயா ஒரு பக்கத்தைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இசபெலுக்கு இங்கிலீஷ் தெரியும். மொழிபெயர்ப்பாளர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே அவள் ராக்காயியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சின்னான்ர மகள் ராக்காயி நாப்பத்து மூண்டாம் ஆண்டு ஆவணியில செத்துப்போனாள் எண்டு புத்தகத்தில கிடக்கு," என்றார் மொழிபெயர்ப்பாளர். "அப்ப, நீ ஆர்?"

ராக்காயி வாயைத் திறந்தாள். நாலு பேர் முன்னால் எப்போதும் முதலில் வந்து நிற்கிற அந்தச் சொல் வரவில்லை. உதடு அசைந்தது. மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் திருப்பிக் கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை, அவரே எழுந்து போய்த் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். ராக்காயி தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசாரணையை நாலு மாதம் தள்ளி வைத்தார்கள்.

திரும்பி வந்த பஸ் வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து போயிற்று. பாதி வழியில் ராக்காயி இசபெலின் பக்கம் திரும்பினாள்.

"டீச்சரம்மா, ராக்காயி எறங்க வேண்டிய எடம் வந்துருச்சா?"

விளையாட்டாகக் கேட்கிறாள் என்று இசபெல் நினைத்தாள். முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை.

4

நடந்தது இதுதான். தோட்டத்தின் அந்த டிவிஷனில் இரண்டு ராக்காயிகள் இருந்தார்கள். நம்முடைய ராக்காயி அங்கேயே பிறந்தவள். மற்றவள் நாற்பதாம் வருஷம் இந்தியாவிலிருந்து வந்தவள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள் கட்டிய அதே லயத்தில் அடுத்த காம்பிராவில் இருந்தாள். நாற்பத்துமூன்றில் வயிற்றுக்கடுப்பு வந்து செத்துப்போனாள். செல்லசாமி புத்தகத்தில் ஒரு ராக்காயியை அடித்தபோது கோடு தப்பான வரியில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து பதினோரு வருஷம் நம்முடைய ராக்காயி செத்தவளின் இலக்கத்தில்தான் கொழுந்தெடுத்திருக்கிறாள். காகிதத்தின்படி, உயிரோடிருப்பவள் நாற்பதில் வந்தவள். சட்டம் கேட்டதோ, அவளைப் போலத் தனியாள் என்றால் முப்பத்தாறிலிருந்து இங்கே இருந்திருக்க வேண்டும் என்று.

இதை இசபெல் கண்டுபிடித்துச் சொன்னபோது ராக்காயி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தன்னைப் பற்றிப் பேச வேண்டிய இடத்திலெல்லாம் "ராக்காயி" என்றாள், அல்லது "அவ" என்றாள். "அவளுக்குப் பசிக்கல." "ராக்காயி நாளைக்கு வருவா." பெரட்டில் எந்த மலையைச் சொன்னாலும் தலையசைத்தாள். வழுக்குப் பாறைக்கும் போனாள்.

தோட்டத்துக்கு ஒரே சந்தோஷம். திமிர் அடங்கிவிட்டது என்றார்கள். இப்போதுதான் மனுஷியாக இருக்கிறாள் என்று செல்லசாமி சொன்னார்.*

* இங்கே ஈகோவின் இரண்டு அர்த்தங்களையும் விளக்கி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். ஊர் எதை அடங்கியது என்று கொண்டாடியதோ அது அடங்கவில்லை, உடைந்திருந்தது. இதற்கு மேல் விளக்கினால், விளக்குகிறவனின் மண்டைக்கனம்தான் தெரியும்.

இசபெல் ஒருத்திதான் பயந்தாள். அடுத்த விசாரணையில் ராக்காயி வாய் திறந்து சொல்லாவிட்டால் பூரணியும் சேர்ந்து போய்விடுவாள். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் லயத்துக்குப் போய் ராக்காயியின் எதிரில் உட்கார்ந்தாள். நான்தான் ராக்காயி என்று ஒருதரம் சொல்லும்படி கெஞ்சினாள். பூரணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ராக்காயிக்கு வியர்க்கும், பல் கிட்டிக்கொள்ளும்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவள் இசபெலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் டீச்சரம்மா. அப்பிடிச் சொன்னா அவளும் திரும்பிப் பாப்பா."

"யாரு அக்கா?"

ராக்காயி அடுத்த காம்பிராப் பக்கத்துச் சுவரைக் கண்ணால் காட்டினாள். அங்கே இப்போது வேறு குடும்பம் இருந்தது. பட்டப்பகல். சுவருக்கு அப்பால் யாரோ சட்டியை உருட்டுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். ஆனாலும் இசபெல் எழுந்து வந்துவிட்டாள். பள்ளிக்கூடம் வரைக்கும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

5

இப்போது செல்லசாமி. இவரில்தான் எனக்குச் சந்தேகம்.

முதல் படியில் இவரைக் கெட்டவராக எழுதினேன். சுலபமாக இருந்தது. மீசை வைத்தேன், கையில் பிரம்பு கொடுத்தேன். "செல்லசாமியின் கண்களில் ஒரு குரூரமான" என்று எழுதிக்கொண்டு போகும்போது இசபெல் சொன்னாள்: அவருக்கும் மனு இருந்ததாம். அவரும் மனைவியும் நாலு பிள்ளைகளும் இங்கே இருந்ததற்கு அத்தாட்சியும் அதே செக்ரோல்தான். அவரே தன் பெயரைப் பதிந்த புத்தகம். தப்பாகக் கோடு போட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால், தன் குடும்பம் நிற்கிற பலகையை அவரே உருவுவதாகும். இசபெல் அவரிடம் போய் ராக்காயிக்காகச் சாட்சி கேட்டபோது, அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாராம். அன்று இசபெல் அதைத் திமிர் என்றுதான் நினைத்தாள்.

மீசையை எடுத்துவிட்டேன்.

இரண்டாம் விசாரணைக்குத் தோட்டத்தின் சார்பில் புத்தகத்தோடு வந்தவர் அவரேதான். அதே வாங்கு, அதே ஐயா, அதே மொழிபெயர்ப்பாளர். நீ யார் என்று கேட்டார்கள். ராக்காயி பேசவில்லை. புத்தகம் சரிதானா என்று செல்லசாமியிடம் கேட்டார்கள்.

"சரிதாங்க," என்றார் அவர்.

பின் வாங்கில் இசபெல் பூரணியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். ஐயா பேனாவை எடுத்தார். அப்போது ராக்காயி எழுந்து நின்றாள். செல்லசாமியைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஸ்டோருக்குப் புதுக்கூர போட்ட வருசம் இவரு ராக்காயிய அடிச்சாருங்க. நான்னு பேசினதுக்கு. தழும்பு இருக்கு. பாத்துக்கங்க."

மேசைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தோளிலிருந்து சேலையை விலக்கினாள். மொழிபெயர்ப்பாளர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேயிலை ஆலைக்குக் கூரை மாற்றியது முப்பத்தைந்தில். அது தோட்டத்துக் கடிதங்களில் இருந்தது. அந்த வருஷம் அடி வாங்கியவள் நாற்பதில் வந்தவளாக இருக்க முடியாது.

அடித்தீரா என்று ஐயா கேட்டார். அதை மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை.

(இந்த இடத்தில் செல்லசாமியின் மனதுக்குள் போய் இரண்டு பந்தி எழுதினேன். ஒன்றில் அவர் மனம் இரங்குகிறார். இன்னொன்றில் மாட்டிக்கொண்டோமே என்று நடுங்குகிறார். எது சரி என்று இசபெலிடம் கேட்டேன். "மொகத்தப் பாக்கலங்க. கையத்தான் பாத்தேன். துண்ட முறுக்கிக்கிட்டே இருந்தாரு." இரண்டையும் எடுத்துவிட்டேன்.)

"அடிச்சேன்," என்றார் செல்லசாமி. பிறகு, "கோடு நான்தான் மாத்திப் போட்டேன்," என்றார்.

ஐயா நீண்ட நேரம் எழுதினார். கடைசி வரியை எழுதும்போது வாய்விட்டு வாசித்தார். இசபெலுக்கு அது கேட்டது: நாற்பத்துமூன்று வரைக்குமான இந்த டிவிஷன் புத்தகங்களை நம்ப முடியாது.

வெளியே வந்து ராக்காயியையும் பூரணியையும் பஸ்ஸில் ஏற்றிய பிறகுதான் அந்த வரி இசபெலுக்கு உறைத்தது. அவளுடைய அப்பா செபமாலையின் பெயரும் அந்தப் புத்தகத்தில்தான். அம்மாவும், அவளும், அவளுடைய தம்பி தங்கைகளும் இங்கே இருந்ததற்கு வேறு காகிதம் இல்லை. அவளுடைய விசாரணை இன்னும் ஏழு வாரத்தில்.

6

ராக்காயிக்கும் பூரணிக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்திருக்கும்.

ஏழு வாரம் கழித்து இசபெல் தனியாக ஹட்டனுக்குப் போனாள். அதே ஐயா அவளை அடையாளம் கண்டுகொண்டார். நீதானே அந்தப் பெண்ணோடு வந்தவள் என்றார். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அவர் புத்தகத்தின்மேல் கையை வைத்து நேராகக் கேட்டார்: இந்தப் புத்தகம் சரியா, பிழையா?

இதுவரைக்கும் இசபெல் சொன்னாள். இதற்குப் பிறகு சொல்லவில்லை. அரிசி களைய வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

எனக்குத் தெரிந்தது மூன்று விஷயம். இசபெலின் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அந்தப் பத்திரம் எங்கள் தகரப் பெட்டியில் இருக்கிறது. ராக்காயியின் பத்திரத்தை யாரும் திரும்பக் கேட்கவில்லை. இசபெல் போய் வந்த பத்தாம் நாள் செல்லசாமியின் மனு தள்ளப்பட்டது.

அவள் என்ன சொல்லியிருக்கலாம்?

முதல் முடிவு. புத்தகம் பிழை என்றாள். உண்மையைச் சொன்னாள். ஐயா அந்த நேர்மைக்காகவே (இல்லை. அப்படிப்பட்ட ஐயாமார் கதைகளில்தான் வருவார்கள். புத்தகம் பிழையென்றால் அவள் அப்பாவும் பிழை.)

இரண்டாம் முடிவு. புத்தகம் சரி என்றாள். அப்படியானால் ராக்காயியைப் பற்றித் திரும்ப விசாரித்திருப்பார்கள். விசாரிக்கவில்லை.

மூன்றாம் முடிவு. புத்தகம் சரிதான், ஒரே ஒரு வரியைத் தவிர. அந்த வரி கை தவறி விழுந்ததல்ல, ராக்காயிமேல் இருந்த வன்மத்தில் கணக்கப்பிள்ளை வேண்டுமென்றே மாற்றியது. அந்த ஆள் அப்படிச் செய்யக்கூடியவன், நாக்கை அறுப்பேன் என்று அவன் சொன்னதை நானே என் காதால் கேட்டேன் என்று இசபெல்

இந்த வசனத்தை என்னால் முடிக்க முடியவில்லை. எல்லாம் பொருந்துகிறது. ராக்காயி தப்புகிறாள், இசபெல் தப்புகிறாள், இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி தாயையும் தம்பி தங்கையையும் காப்பாற்றிவிடுகிறாள். மூன்றில் இது ஒன்றுதான் பொருந்துகிறது. ஆறு வருஷமாக எனக்குத் தெரிந்த பெண்ணின் வாயில் இந்த வார்த்தையை நான் வைத்துவிட்டேன். வைத்த கை என்னுடையதுதான்.

காகிதத்தை மறைத்து வைத்தேன். அவள் எடுத்து வாசித்துவிட்டாள். கோபப்படுவாள் என்று பயந்தேன். அவள் காகிதத்தை நாலாக மடித்து என்னிடம் கொடுத்தாள்.

"நான் என்ன சொன்னேங்கிறத நீங்களா எழுதாதீங்க. எழுதிட்டா, அதுதான் நடந்துச்சுன்னு எனக்கே ஆயிரும்."

7

இதற்குப் பிறகு கதை எழுதுகிற எண்ணத்தை விட்டுவிட்டுப் பாடக்குறிப்புக்குத் திரும்பியிருப்பேன். ஆனால் இன்று காலை பத்து மணிக்கு ஒருவர் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து நின்றார். ஐம்பது வயதுக்கு மேல். கையில் ஒரு கட்டுக் காகிதம். செல்லசாமி என்றார்.

போன ஒக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் எங்கள் சனத்தைப் பங்கு பிரித்தார்கள். இத்தனை லட்சம் இந்தியாவுக்கு, இத்தனை லட்சம் இங்கே. யார் எந்தப் பங்கில் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. லயங்களில் இப்போது பேச்சே அதுதான். செல்லசாமிக்கு மகள் இறம்பொடையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தன்னை அந்தப் பக்கம் எழுதிவிட்டால் மகளைத் திரும்பப் பார்க்க முடியாது என்று பயம். ஒரு மனு எழுதித் தரவேண்டுமென்று வந்திருக்கிறார்.

உள்ளே போய் இசபெலிடம் சொன்னேன். அவள் குசினியை விட்டு வரவில்லை. நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றாள். தேத்தண்ணி மட்டும் ஊற்றித் தந்தாள்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பேசும்போது குரல் தாழ்ந்திருந்தது. அடிக்கடி வாசல் படலையைப் பார்த்துக்கொண்டார். ராக்காயியைப் பற்றிக் கேட்டேன். இன்னும் கொழுந்துக்குத்தான் போகிறாள் என்றார். பூரணிக்குக் கலியாணமாகிவிட்டது. ராக்காயி இப்போது நான் என்று பேசுகிறாளா என்று கேட்க நினைத்தேன். அவள் அவரோடு பேசுவதே இல்லை என்று அவரே சொன்னார்.

மனு முடிந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். எழுந்து போவார் என்று பார்த்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சரம்மா அன்னைக்கு என்னயப் பத்தி என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும் மாஸ்டர்," என்றார். "பெறகு ஒரு கிளாக்கரு எனக்கு வாசிச்சுக் காட்டினாரு. இந்தப் பத்துப் பதினோரு வருசமா நான் யாருக்கிட்டயும் சொல்லல. நீங்க கேட்டா சொல்றேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இருக்கிறதா, நன்றி இருக்கிறதா, வேறு ஏதாவதா என்று பிடிபடவில்லை. பிடிபட்டுவிடுமோ என்று உடனே கண்ணை எடுத்துக்கொண்டேன். குசினியில் ஒரு சத்தமும் இல்லை.

ஒரு நல்ல எழுத்தாளன் கேட்டிருப்பான். ஒரு நல்ல புருஷன் கேட்டிருக்கமாட்டான் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். அது பொய். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

"தேத்தண்ணி ஆறிப்போச்சுங்க. சூடா கொண்டாறேன்," என்று கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

இசபெல் சுவரோடு சாய்ந்து நிற்கிறாள். அவர் என்ன சொன்னார் என்று அவளும் கேட்கவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறோம். இன்னும் கொதிக்கவில்லை. இந்தக் கடைசிப் பக்கத்தைக் குசினிப் பலகையில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

செல்லசாமி விறாந்தையில்தான் இருக்கிறார். போகிற அவசரம் அவருக்கு இல்லை. வாசித்துவிட்டீர்கள், உங்களுக்கு அங்கே போக எந்தத் தடையும் இல்லை. அவருக்கு முன்னால் இருக்கிற கதிரை காலியாக இருக்கிறது. கேட்பதென்றால் மெதுவாகக் கேளுங்கள். நடுவில் ஒரு சுவர்தான், நாங்கள் இரண்டு பேரும் இங்கே நிற்கிறோம்.